ஜூலையில் 44 வெற்றி, 45 தோல்வி: அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்த முடிவு (கேள்வி பதில்)

ஜூலை வந்தால் பேஸ்பால் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சீசன் பாதி முடிந்துவிட்டது, நம் அணி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆள் எடுப்பதா, இருக்கிற ஆளைக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷத்தைப் பார்ப்பதா? இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு அணி, ஒரே ஒரு ஆண்டு என்று வைத்துக்கொண்டு கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். அணி அட்லாண்டா பிரேவ்ஸ், ஆண்டு 2021. கடைசியில் அவர்கள் கோப்பையை வென்ற ஆண்டு அது. சில வருஷம் அந்த ஊரில் குடியிருந்தவன் நான். இன்றைக்கும் அதுதான் என் அணி.

கேள்வி: அண்ணா, நான் கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன். டிவிஷன், வைல்டு கார்டு, டெட்லைன் எல்லாம் முதலில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற பதில்கள் எனக்குப் புரியாது.

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பாதி, ஒவ்வொன்றிலும் 15. அந்தப் பதினைந்தும் ஐந்து ஐந்தாக மூன்று டிவிஷன். வசந்த காலத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். டிவிஷனில் முதலிடம் பிடித்தால் நேராக பிளேஆஃப். முதலிடம் கிடைக்காத அணிகளில் நல்ல கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வைல்டு கார்டு. 2021இல் ஒரு லீக்குக்கு இரண்டு வைல்டு கார்டு இருந்தது. 2022 முதல் மூன்று.

ஜூலை இறுதியை ஒட்டி ட்ரேட் டெட்லைன். அதற்குள் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். இது ஐபிஎல் ஏலம் மாதிரி பணம் கொடுத்து வாங்குகிற விஷயம் இல்லை. பெரும்பாலும் ஆளுக்கு ஆள்தான். இந்த வருஷம் ஜெயிக்க நினைக்கும் அணி, மைனர் லீக்கில் வளரும் இளம் பையன்களைக் கொடுத்து, இன்றைக்கே ஆடத் தயாராக இருக்கும் ஒருவரை எடுக்கும். முன்பெல்லாம் ஆகஸ்டிலும் சுற்றுவழியில் ட்ரேட் செய்ய முடிந்தது. 2019இல் அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள். ஆகவே ஜூலை இறுதியில் எடுக்கும் முடிவுதான் முடிவு.

'நான்கு ஆட்டம் பின்னால்' என்று சொல்வது எப்படி என்றால், ஓர் அணி 50 வெற்றி 40 தோல்வி, இன்னோர் அணி 46 வெற்றி 44 தோல்வி. வெற்றியில் 4 வித்தியாசம், தோல்வியில் 4 வித்தியாசம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4. அவ்வளவுதான்.

கேள்வி: 2021 ஜூலையில் பிரேவ்ஸ் உண்மையிலேயே எந்த நிலையில் இருந்தார்கள்? ஜெயித்த பிறகு எல்லாரும் கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவு மோசம். 2018, 2019, 2020 மூன்று வருஷமும் டிவிஷனை வென்ற அணி. 2020இல் லீக் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்து, கடைசி மூன்று ஆட்டத்தையும் விட்டார்கள். அதனால் 2021இல் எதிர்பார்ப்பு அதிகம்.

நடந்தது வேறு. மைக் சொரோகா என்ற இளம் பிட்சர் (பந்து வீசுபவர்), முந்தைய ஆண்டு கிழிந்து சேர்ந்துகொண்டிருந்த குதிகால் தசைநாரை ஜூனில் மறுபடியும் கிழித்துக்கொண்டார். ஆடும்போதுகூட இல்லை, நடந்து போகும்போது. கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) டிராவிஸ் டார்னோ மே முதல் தேதி கட்டைவிரல் காயத்தில் போனார். இடது பக்க அவுட்ஃபீல்டில் நின்ற மார்செல் ஓசூனா விரல் உடைந்து வெளியே போனார். அடுத்த சில நாளில் குடும்ப வன்முறைப் புகாரில் கைதானார், அந்த ஆண்டு திரும்ப ஆடவே இல்லை.

அப்புறம் ஜூலை 10. மயாமியில் ஆட்டம். ரொனால்ட் அகூன்யா வலது பக்க அவுட்ஃபீல்டில் ஒரு பந்தைப் பிடிக்கத் துள்ளினார், இறங்கும்போது வலது முழங்கால் மடங்கியது. தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. அதுவரை 82 ஆட்டத்தில் 24 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தார். அணியின் உயிர் அவர். அந்தக் காட்சியை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்காக ஜூலை நடுவில் விடும் ஆல் ஸ்டார் இடைவேளைக்குப் போகும்போது கணக்கு 44 வெற்றி, 45 தோல்வி. சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு நாள்கூட வெற்றி தோல்வியைத் தாண்டி நிற்கவில்லை. முதன்முதலாகத் தாண்டியது ஆகஸ்ட் 6ஆம் தேதிதான். அதாவது, டெட்லைன் முடிந்து ஒரு வாரம் கழித்து.

கேள்வி: அப்படியானால் விற்றிருக்க வேண்டாமா? ஃப்ரெடி ஃப்ரீமேனின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. அவரைக் கொடுத்து நாலு நல்ல பையன்களை எடுத்திருக்கலாமே சார்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அன்றைக்கு அட்லாண்டாவிலேயே பலர் கேட்டார்கள். நான் வேண்டாம் என்ற பக்கம் நின்றதற்கு மூன்று காரணம்.

முதலாவது, டிவிஷன். அந்த ஆண்டு நேஷனல் லீக் கிழக்கில் நல்ல அணி என்று யாரும் இல்லை. முதலிடத்தில் இருந்த நியூயார்க் மெட்ஸே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியா ஏறும், இறங்கும். இதே பிரேவ்ஸ் மேற்கு டிவிஷனில் இருந்திருந்தால் ஜூன் மாதமே கடையை மூடியிருக்க வேண்டும். அங்கே சான் ஃபிரான்சிஸ்கோ 107, டாட்ஜர்ஸ் 106 வெற்றி எடுத்தார்கள். யாரோடு போட்டி என்று பார்க்காமல் 44-45 என்ற கணக்கை மட்டும் பார்ப்பது தப்பு.

இரண்டாவது, இருந்த ஆட்கள். நான்கு இன்ஃபீல்டர்களும் (உள்வட்டத்தில் நிற்பவர்கள்) நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிவில் ஆஸ்டின் ரைலி 33, ஃப்ரீமேன் 31, ஓஸி ஆல்பீஸ் 30, டான்ஸ்பி ஸ்வான்சன் 27 ஹோம் ரன். பிட்சிங்கில் மேக்ஸ் ஃப்ரீட், சார்லி மார்ட்டன், இயன் ஆண்டர்சன். ஓட்டை ஒரே இடத்தில்தான், அவுட்ஃபீல்டில். கூரையில் ஓர் ஓடு உடைந்தால் வீட்டையே இடிப்பதில்லை.

மூன்றாவது, ஃப்ரீமேன் யார் என்பது. 2020இன் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த வீரர். பிரேவ்ஸ் அமைப்பிலேயே வளர்ந்து ஆளானவர். அவரைப் பாதி ஆண்டில் அனுப்புவது, மீதியுள்ள 25 பேரிடமும் 'இந்த வருஷம் போச்சு' என்று சொல்வதற்குச் சமம். அடுத்த ஆண்டு அவர் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனாலும் கோப்பையோடு போனார்.

கேள்வி: ஒப்பந்தம் முடியப்போகிற வீரரை ஏன் எல்லாரும் 'ரெண்டல்' என்கிறார்கள்?

வாடகை வீடு மாதிரி. இரண்டு மூன்று மாதம் நம்மோடு இருப்பார், சீசன் முடிந்ததும் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். அதனால் விலை குறைவு. இன்னும் மூன்று நான்கு வருஷம் ஒப்பந்தம் உள்ளவரை எடுக்க வேண்டும் என்றால் உங்கள் சிறந்த இளம் வீரர்களையே கேட்பார்கள்.

கேள்வி: ரன் வித்தியாசத்தைப் பார் என்று எல்லா நிபுணர்களும் சொல்கிறார்கள். தோற்ற ஆட்டம் தோற்றதுதானே? அழகாகத் தோற்றால் பாயிண்ட் தருவார்களா?

தர மாட்டார்கள். ஆனால் இனிமேல் என்ன நடக்கும் என்று கணிக்க, வெற்றி தோல்வியை விட அடித்த ரன், கொடுத்த ரன் கணக்கு நன்றாக உதவும். பில் ஜேம்ஸ் என்பவர் இதற்கு எளிய வழி ஒன்று சொன்னார். அடித்த ரன்னை வர்க்கம் எடுங்கள், கொடுத்த ரன்னை வர்க்கம் எடுங்கள். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீதம் ஜெயித்திருக்க வேண்டும் என்று வரும். ஒரு ரன்னில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அன்றைய நாளின் விளையாட்டு, அது நீண்ட ஓட்டத்தில் சமமாகிவிடும் என்பதுதான் இதன் அடிப்படை.

2021 பிரேவ்ஸ் முழு சீசனில் 790 ரன் அடித்து 656 கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் 59 சதவீதம் வரும், அதாவது 95 வெற்றி. எடுத்தது 88. ஜூலையில் தோல்விகள் அதிகமாக இருந்தபோதும், அடித்த ரன் கொடுத்ததை விட அதிகமாகத்தான் இருந்தது. 'இந்த அணி காட்டுவதை விட நல்ல அணி' என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்பியதற்கு ஒரு காரணம் அது. நெட் ரன் ரேட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். இங்கே அது சமநிலையை உடைக்கப் பயன்படவில்லை, கணிக்கப் பயன்படுகிறது.

கேள்வி: சரி, என்ன கொடுத்து யாரை எடுத்தார்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லத்தான் நான் இந்த ஆண்டையே தேர்ந்தெடுத்தேன்.

அகூன்யா விழுந்தது ஜூலை 10. ஐந்தே நாளில், ஜூலை 15, அணியின் பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலோஸ் சிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பீடர்சனை எடுத்தார். கொடுத்தது பிரைஸ் பால் என்ற மைனர் லீக் முதல் பேஸ் ஆட்டக்காரர். டெட்லைனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று அவர் உட்காரவில்லை என்பது என் மனதில் நின்ற விஷயம். பீடர்சன் பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் முந்தைய ஆண்டு டாட்ஜர்ஸில் கோப்பை வென்றவர். அவர் வந்ததும் உடை மாற்றும் அறையில் இருந்தவர்களுக்கு ஒரு செய்தி போனது: மேலே இருப்பவர்கள் நம்மைக் கைவிடவில்லை.

அதற்குப் பிறகும் அணி ஏறவில்லை. ஒரு நாள் ஜெயிக்கும், மறுநாள் தோற்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே மாறி மாறிப் போனது. பார்க்கிற நமக்குப் பைத்தியம் பிடித்தது. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஜூலை 30, கடைசி நாள். ஒரே நாளில் மூன்று அவுட்ஃபீல்டர். மயாமியிலிருந்து ஆடம் டுவால், கொடுத்தது கேட்சர் அலெக்ஸ் ஜாக்சன். கன்சாஸ் சிட்டியிலிருந்து ஹோர்ஹே சொலேர், கொடுத்தது கேசி காலிச் என்ற மைனர் லீக் பிட்சர். க்ளீவ்லாண்டிலிருந்து எடி ரொசாரியோ, கொடுத்தது பாப்லோ சாண்டோவல். அவரை க்ளீவ்லாண்ட் உடனே விடுவித்துவிட்டது. அதாவது ரொசாரியோ ஏறக்குறைய இனாம். அதோடு பிட்ஸ்பர்க்கிலிருந்து ரிச்சர்ட் ரோட்ரிகெஸ் என்ற ரிலீவரையும் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்), இளம் பிட்சர்கள் இருவரைக் கொடுத்து எடுத்தார்கள்.

அதே நாட்களில் டாட்ஜர்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? மேக்ஸ் ஷெர்ஸர், டிரே டர்னர் இருவரையும் வாஷிங்டனிடமிருந்து எடுக்க, கெய்பெர்ட் ரூயிஸ், ஜோசையா கிரே உட்பட நான்கு இளம் வீரர்களைக் கொடுத்தார்கள். செய்தியெல்லாம் அதைப் பற்றித்தான். பிரேவ்ஸ் எடுத்த ஆட்களைப் பற்றி அன்று பெரிதாக யாரும் பேசவில்லை.

நான்கு பேரும் சேர்ந்து அட்லாண்டாவுக்காக மீதி சீசனில் 44 ஹோம் ரன் அடித்தார்கள்: டுவால் 16, சொலேர் 14, மற்ற இருவரும் ஏழு ஏழு. அக்டோபரில் லீக் இறுதிச் சுற்றின் எம்விபி ரொசாரியோ. இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதும் கடைசித் தொடரான வேர்ல்டு சீரிஸின் எம்விபி சொலேர்.

கேள்வி: சொலேர் அப்போது கன்சாஸ் சிட்டியில் .192 (நூறு வாய்ப்பில் பத்தொன்பது ஹிட்) அடித்துக்கொண்டிருந்தார். ரொசாரியோ காயத்தில் இருந்தார். இப்படிப்பட்ட ஆட்களை எடுப்பது சூதாட்டம் இல்லையா?

சூதாட்டம் என்றால் பந்தயத் தொகை பெரிதாக இருக்க வேண்டும். இங்கே தொகை சிறியது. அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

சொலேர் 2019இல் 48 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். அந்தக் கை எங்கும் போய்விடவில்லை. .192 என்ற எண் நான்கு மாதக் கதையைத்தான் சொன்னது. டுவால் ஏற்கனவே பிரேவ்ஸில் ஆடியவர். 2020 சீசன் முடிந்ததும் இவர்களே அவரை விட்டுவிட்டார்கள், அவர் மயாமிக்குப் போனார். பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து, இரண்டு அணியிலும் சேர்த்துத் தன் அடிகளால் 113 ரன் வரவைத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். ரொசாரியோ ஆட வந்ததே ஆகஸ்ட் கடைசியில்.

ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்தால் சந்தேகத்துக்குரியவர். நான்கு பேரை எடுத்தால் இருவராவது எழுந்து நிற்பார்கள் என்பது கணக்கு. விதை நெல்லை முழுக்க ஒரே வயலில் கொட்டாமல் நாலு பாத்தியில் தூவியது மாதிரி.

கேள்வி: 88 வெற்றி, 73 தோல்வி. கூட்டினால் 161 வருகிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். மழையால் நின்ற ஒரு ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டிய தேவை வரவில்லை, டிவிஷன் அதற்குள் முடிவாகிவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன். இடைவேளைக்கு முன் 44 வெற்றி, பின் 44 வெற்றி. நான்கு பேரின் ஹோம் ரன் 44. ஹேங்க் ஆரன் அணிந்த எண் 44. அவர் இறந்தது அதே 2021 ஜனவரியில். அட்லாண்டாக்காரர்களிடம் இதைச் சொன்னால் கண் கலங்குவார்கள். எனக்கும் அப்படித்தான்.

கேள்வி: பிளேஆஃப் போன அணிகளிலேயே குறைவான வெற்றி பிரேவ்ஸுக்குத்தான். அப்புறம் கோப்பை வென்றது அதிர்ஷ்டம்தானே? ஒத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஐந்து ஆட்டம், ஏழு ஆட்டம் என்ற சிறிய தொடர்களில் எதுவும் நடக்கலாம். ஷெர்ஸர் லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் பந்து வீச வேண்டியவர், கை தளர்ந்து வர முடியவில்லை. அது பிரேவ்ஸுக்கு உதவியது. ஆனால் அதே ஆட்டத்தில் பிரேவ்ஸ் பிட்சர் டைலர் மாட்ஸெக் வந்து நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ், இரண்டாவது மூன்றாவது பேஸில் ரன் எடுக்கத் தயாராக ஆள், ஒரு அவுட்கூட இல்லை. ஆல்பர்ட் பூஹோல்ஸ், ஸ்டீவன் சூசா, மூக்கி பெட்ஸ் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தில் மார்ட்டன் காலில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. அந்த முறிந்த காலோடு இன்னும் மூன்று பேருக்குப் பந்து வீசிவிட்டுத்தான் வெளியே போனார். அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் வந்தது.

ஜூலையில் அலுவலகம் செய்ய முடிந்தது அக்டோபர் வரை கதவைத் திறந்து வைப்பதுதான். செயின்ட் லூயிஸ் 17 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து 90 வெற்றியோடு கடைசி வைல்டு கார்டைப் பிடித்தது. அதனால் 88 வெற்றிக்கு வைல்டு கார்டு கிடைத்திருக்காது. டிவிஷன் என்ற ஒரே வாசல்தான் இருந்தது, அதன் வழியாக உள்ளே போனார்கள்.

கேள்வி: மெட்ஸ் ரசிகன் நான். எங்களுக்கு என்ன நடந்தது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

உங்கள் வேதனை புரிகிறது. நூறு நாளுக்கு மேல் முதலிடத்தில் இருந்துவிட்டு 77 வெற்றி, 85 தோல்வி. ஜேக்கப் டிகிராம் ஜூலைக்குப் பிறகு பந்து வீசவே இல்லை, அதுதான் பெரிய அடி. டெட்லைனில் ஹாவியர் பாயெஸை எடுக்கக் கொடுத்தது பீட் க்ரோ ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பத்தொன்பது வயதுப் பையனை. பாயெஸ் இரண்டு மாதம் நன்றாகவே ஆடினார், அப்புறம் டெட்ராய்ட் போய்விட்டார். பையன் 2025இல் சிகாகோவின் ஆல் ஸ்டார். முதலிடத்தில் இருக்கும் அணி ஆள் எடுப்பது தப்பில்லை. வாடகைக்கு வந்தவருக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்ததுதான் தப்பு.

கேள்வி: அப்போது கப்ஸ் விற்றது சரி என்கிறீர்களா? 2016 கோப்பை வென்ற ரிஸ்ஸோ, பாயெஸ், பிரையன்ட் மூவரையும் ஒரே வாரத்தில் அனுப்பினார்கள். எனக்கு அழுகை வந்தது.

யாருக்கும் வரும். 108 வருஷம் காத்திருந்து கிடைத்த கோப்பையின் முகங்கள் அவர்கள். ஜூன் 24 அன்று டாட்ஜர்ஸ் மைதானத்தில் நான்கு பிட்சர்கள் சேர்ந்து நோ ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார்கள், கப்ஸ் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகு 11 ஆட்டம் தொடர்ந்து தோல்வி. ஒரு மாதத்தில் வாங்கும் அணி விற்கும் அணியாக மாறியது.

என் கருத்து: மூவரின் ஒப்பந்தமும் முடியப்போகிறது, புது ஒப்பந்தம் படியவில்லை, டிவிஷன் கை நழுவிவிட்டது. விற்றது சரி. அதை மூன்று வருஷம் முன்பே யோசித்து, ஒருவரையாவது தக்கவைத்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்கு அவர்கள் மேல் கோபம்.

கேள்வி: 2023இல் ஏஞ்சல்ஸும் இதையேதான் செய்தார்கள், 'விற்க மாட்டோம், எடுப்போம்' என்று. அவர்கள் மட்டும் ஏன் விழுந்தார்கள்?

ஷோஹே ஓதானியின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. 2014க்குப் பிறகு பிளேஆஃப் பார்க்காத அணி. ஜூலை 26 அன்று லூகஸ் ஜியோலிட்டோ, ரெனால்டோ லோபஸ் இருவரையும் எடுத்தார்கள், எட்கர் கேரோ, கை புஷ் என்ற இரண்டு நல்ல இளம் வீரர்களைக் கொடுத்து. மறுநாள் டெட்ராய்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவதில் ஓதானி ஒரே ஒரு ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார், இரண்டாவதில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். அந்த நாளைப் பார்த்தவர் யாரும் 'இவரை விற்றிருக்க வேண்டும்' என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆகஸ்ட் பிறந்ததும் தொடர்ந்து 7 தோல்வி. ஆகஸ்ட் 23 அன்று ஓதானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாதக் கடைசியில், புதிதாக எடுத்தவர்கள் உட்படப் பலரையும் வேறு அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முடிவில் 73-89. டிசம்பரில் ஓதானி டாட்ஜர்ஸோடு 10 வருஷம், 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஏஞ்சல்ஸ் கையில் மிஞ்சியது ஒரு டிராஃப்ட் தேர்வு, அதாவது புது இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

பிரேவ்ஸோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம். ஏஞ்சல்ஸின் டிவிஷனில் டெக்சஸ், ஹூஸ்டன் இரண்டும் பலமான அணிகள், டெக்சஸ் அந்த ஆண்டு கோப்பையே வென்றது. அடுத்து, அவர்களுடைய இன்னொரு நட்சத்திரம் மைக் டிரவுட் கை எலும்பு முறிந்து வெளியே இருந்தார். அணியில் ஓட்டை ஒன்றல்ல, பல. ஆனாலும் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓதானி இருக்கும் கடைசி இரண்டு மாதம் ஒரு முறை முயன்று பார்ப்பது ரசிகர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

கேள்வி: விற்ற பிறகும் பிளேஆஃப் போன அணி உண்டா?

உண்டு. 2024 டெட்ராய்ட். டெட்லைனில் தங்கள் நல்ல பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று 55-63, பிளேஆஃப் வாய்ப்பு 0.2 சதவீதம் என்றது கணிப்பு. அதிலிருந்து 31 வெற்றி, 13 தோல்வி. பத்து வருஷம் கழித்து பிளேஆஃப், அங்கே ஹூஸ்டனை இரண்டே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃப்ளாஹர்ட்டிக்குப் பதிலாக வந்த இருவரில் ஒருவரான டிரே ஸ்வீனி அந்த ஓட்டத்தில் ஷார்ட் ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில்) நின்றார்.

முக்கியமான விஷயம், பிட்சர் டாரிக் ஸ்கூபலை அவர்கள் விற்கவில்லை. பல அணிகள் கேட்டன. அந்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். விற்பது என்று முடிவு செய்தாலும் எதை விற்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அட்லாண்டா வரலாற்றிலேயே சிறந்த ஜூலை, ஆகஸ்ட் ட்ரேட் எது ஐயா? 2021தானா?

கோப்பைக்கு 2021. ஆனால் ஒரே ஒரு ட்ரேட் என்றால் 1987 ஆகஸ்ட் 12. அப்போது பிரேவ்ஸ் விற்கும் அணி. டெட்ராய்டுக்கு டாயில் அலெக்சாண்டர் என்ற அனுபவசாலிப் பிட்சரைக் கொடுத்து, மைனர் லீக்கில் இருந்த ஜான் ஸ்மோல்ட்ஸை எடுத்தார்கள். அலெக்சாண்டர் அங்கே போய் 9 வெற்றி, தோல்வியே இல்லை. டெட்ராய்ட் டிவிஷனை இரண்டு ஆட்டத்தில் வென்றது, அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் இருபது வருஷம், 1995 கோப்பை, 2015இல் ஹால் ஆஃப் ஃபேம்.

எல்லாரும் டெட்ராய்டைத் திட்டுவார்கள், நான் மாட்டேன். எடுத்தவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் டிவிஷனை வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு டெட்லைன் ட்ரேடிடம் என்ன கேட்பது?

கேள்வி: அக்காள் மகன் அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடுகிறான், அதனால் கேட்கிறேன். ஒரே நாளில் ஊர் மாறச் சொன்னால் அந்த வீரர்கள் என்ன செய்வார்கள்? குடும்பம், குழந்தைகள்?

இதை யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன், நன்றி. பெரும்பாலும் வீரருக்குத் தேர்வு இல்லை. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்களும் மறுக்கலாம். மற்றவர்கள் மூன்று நாளுக்குள் பெட்டி கட்ட வேண்டும். மனைவி, குழந்தைகள் பின்னால் வருவார்கள், அல்லது சீசன் முடியும் வரை வர மாட்டார்கள்.

2015 ஜூலை 29. நியூயார்க்கில் மெட்ஸ் ஆட்டம் நடக்கும்போதே, வில்மர் ஃப்ளோரெஸை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. பதினாறு வயதிலிருந்து அந்த அமைப்பில் வளர்ந்த பையன். ரசிகர்கள் எழுந்து கை தட்டினார்கள். அவர் மைதானத்தில் நின்றபடியே அழுதார், கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானார். கடைசியில் அந்த ட்ரேட் முறிந்துபோனது. இரண்டு நாள் கழித்து, வாஷிங்டனுக்கு எதிராகப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன் அடித்தவர் அதே ஃப்ளோரெஸ். பேஸ்களைச் சுற்றி வந்தபோது சட்டையில் இருந்த அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அந்த ஆண்டு மெட்ஸ் வேர்ல்டு சீரிஸ் வரை போனது.

'கொடுத்தது', 'எடுத்தது' என்று இவ்வளவு நேரம் நானும் எழுதிவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் அக்காள் மகனிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: அகூன்யாவுக்கு அடிபடாமல் இருந்திருந்தால்?

நான்கு பேரையும் எடுத்திருக்க மாட்டார்கள். அதற்கு மேல் யோசிக்க எனக்கு விருப்பம் இல்லை. 2023இல் அவர் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) என்று திரும்பி வந்து எம்விபி ஆனார், அதைப் பார்த்ததே போதும்.

கேள்வி: கடைசியாக, கோப்பையை வென்ற அந்த வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டத்தை எங்கே பார்த்தீர்கள் அண்ணா?

அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அமெரிக்காவில் நவம்பர் 2 இரவு, நமக்கு நவம்பர் 3 விடிகாலை, தீபாவளிக்கு முந்தின நாள். வீட்டில் அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தெருவில் யாரோ அவசரப்பட்டு ஒரு சரம் கொளுத்திவிட்டார்கள். மூன்றாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் ஆல்பீஸும் ரொசாரியோவும். சொலேர் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை இழுத்து, லூயிஸ் கார்சியா வீசிய அடுத்த பந்துகளை விடாமல் தட்டிவிட்டு, கடைசியில் ஒன்றை அடித்தார். ஹூஸ்டன் மைதானத்தின் இடது பக்கச் சுவர் மேல் ரயில் தண்டவாளம் ஓடும். பந்து அதையும் தாண்டி மைதானத்துக்கு வெளியே போனது. நான் போட்ட சத்தத்தில் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்து, "யாருக்குடா என்ன ஆச்சு?" என்றார். கன்சாஸ் சிட்டியில் .192 அடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அவருக்கு அன்று காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.